நிலைக்கு வந்துவிட்ட தேர்

கப்பலைக் கண்டு எனக்குப் பயமில்லை. கப்பலில் பேச்சுக் கொடுக்கிறவர்களைக் கண்டுதான் பயம். அதனால் கொழும்பிலிருந்து புறப்பட்டதுமே மேல்தட்டில் கயிற்றுச் சுருள்களுக்குப் பின்னால் துண்டை விரித்துப் படுத்துவிட்டேன். அந்தப் பக்கம் இரண்டு சிங்கள வியாபாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது கொழும்பு என்பதால் அவர்கள் பாஷை எனக்குப் புரியும்.

"இந்தியாவில் சாமி வண்டி தெருவைச் சுற்றிவரத் துப்பாக்கிப் போலீஸ் வேண்டுமாம்" என்றார் ஒருவர்.

"நம் ஊரில் யானைக்குச் சங்கிலி போட்டால் போதும்" என்றார் மற்றவர்.

இருவரும் சிரித்தார்கள். சில வருஷம் கழித்து எங்கள் தீவிலும் ஊர்வலமும் பள்ளிவாசலும் மோதி, கடைகள் எரிந்து, பட்டாளம் தெருவில் நின்றது. அப்போது அவர்கள் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது.

நான் போனது அப்படி ஒரு சாமி வண்டியைப் பார்க்கத்தான். நான் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோர்க்கிறவன். மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. எங்கள் அச்சுக்கூடத்தில் வாரம் ஒரு முறை ஒரு தமிழ்ப் பத்திரிகை வெளியாகும். தாமிரபரணிக் கரையில் ஓர் ஊர். பெயர் வேண்டாம், எழுதினால் இரண்டு தெருக்காரர்களுக்கும் மனக்கஷ்டம். அந்த ஊர்ப் பிள்ளைமாரும் பள்ளிவாசல் தெரு முஸ்லிம்களும் கொழும்பில் அடுத்தடுத்துக் கடை வைத்திருந்தார்கள். போன வருஷம் ஊரில் தேர் நாளன்று கல்லெறி நடந்ததிலிருந்து இங்கே கடைக்குக் கடை பேச்சு நின்றுபோயிற்று. இந்தப் பங்குனியில் சமாதானம் செய்துவைத்துத் தேர் ஓட்டப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. வழக்கமாக எழுதுகிறவர் மஞ்சள் காமாலையில் கிடந்தார்.

"உம்முடைய தகப்பனார் அந்தப் பக்கந்தானே? நேரில் போய்ப் பார்த்து, சமாதானமாக நடந்தது என்று எழுதிக்கொண்டு வாரும்" என்றார் முதலாளி.

நடப்பதற்கு முன்பே என்ன எழுதுவது என்று சொல்லிவிட்டார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வருவதில்லை. வெகுதூரத்தில் நின்றுகொண்டு நம்மைப் படகில் கொட்டிவிடும். படகு ஆடிய ஆட்டத்தில் என் பக்கத்திலிருந்தவர் என் மடியில் வாந்தி எடுத்தார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்குள் நான் அவரிடம் கேட்டுவிட்டேன். கரையில் வைத்தியர் அக்குளைத் தொட்டு, கொள்ளைநோய்க் கட்டி இல்லை என்று பார்த்து அனுப்பினார்.

மணியாச்சியில் ரயில் மாற வேண்டும். எந்த வண்டி என்று யாரையும் கேட்கக் கூச்சம். கூட்டம் ஏறியதில் நானும் ஏறினேன். அது வடக்கே போகிற வண்டி. கடம்பூரில் இறங்கி, திரும்பிப்போக வண்டி வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் தீவில் தென்னை உண்டு, பாகு இறக்குகிற கித்துள் மரம் உண்டு. பனை இப்படி இனிக்கும் என்று என் தகப்பனார் சொன்னபோதெல்லாம் ஊர்ப் பெருமை என்று நினைத்திருந்தேன். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த கலப்பில்லாத சந்தோஷம் அந்த ஒரு பட்டைப் பதநீர்தான். அதுவும் தவறான வண்டியில் ஏறியதால் கிடைத்தது.

மறுநாள் காலை திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒற்றை மாட்டு வண்டி பிடித்தேன். வண்டிக்காரர் சுடலைமுத்து நான் போகிற ஊர்க்காரரே. ஆற்றை ஒட்டியே பாதை. ஒரு பக்கம் அறுவடை முடிந்த வயல், மறுபக்கம் வாழை. ஒரு மேட்டில் மாடு திணறியது. சுடலைமுத்து குதித்து, ஒரு கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் அண்டக் கொடுத்தார். மாடு மூச்சு வாங்கிக்கொண்டது.

"இதத்தான் அண்ணாச்சி மீரான் தேருக்குச் செய்யுதான். செஞ்சான்னு சொல்லணும் இப்ப" என்றார்.

மீரான் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் அவர் சொல்லுகிறவராக இருந்தார்.

தெரு முக்கில் தேரைத் திருப்பும்போது சக்கரத்துக்கு முன்னால் ஆப்புப் போன்ற கட்டையை வைப்பார்கள். சறுக்குக்கட்டை என்று பெயர். வைக்கிறவன் உயிர் வடம் இழுக்கிறவர்கள் கையில் இருக்கிறது. மற்ற முக்குகளில் ஆசாரிமார் வைப்பார்கள். பள்ளிவாசல் முக்கு மட்டும் மிகவும் குறுகல். தேர் சரிந்தால் பள்ளிவாசல் தெரு வீட்டுச் சுவர்தான் இடியும். அதனால் எந்தக் காலத்திலோ அந்தத் தெருக்காரரே முன்வந்து அங்கே கட்டை வைக்கத் தொடங்கினார்களாம். மீரானுக்கு அது அவன் வாப்பாவிடமிருந்து வந்தது.

"கட்ட வைக்கிறவன் சத்தம் வடம் பிடிக்கிறவன் காதுல விழணும்லா? அதனால அந்த முக்கு வந்தா மேளம் நிக்கும். மீரான் விடுன்னா விடுவாங்க, இழுன்னா இழுப்பாங்க. பள்ளிவாசல்ல இருக்கவங்க, நம்ம தொழுகைக்கு மருவாதி குடுக்காங்கன்னு நெனச்சுக்கிடுவாங்க. நாங்க, தேருக்காவ நிப்பாட்டுதோம்னு நெனச்சுக்கிடுவோம். ரெண்டு பேருக்கும் சந்தோசம். ஒருத்தரும் ஒருத்தர்ட்ட கேட்டுக்கிட்டதில்ல."

"அப்புறம் யார் கேட்டது?"

"பேப்பர்க்காரன்." சுடலைமுத்து வண்டிக்கு வெளியே துப்பினார். "பள்ளிவாசலுக்குப் பயந்து மேளத்த நிப்பாட்டுதாங்கன்னு ஒருத்தன் எழுதினான். சாய்பு சாமி தேருக்குக் கூலி வேல பாக்கான், மார்க்கம் போச்சுன்னு இன்னொருத்தன் எழுதினான். இங்கன வாசிக்கத் தெரிஞ்சவன் நாலு பேரு. நாலு பேரு வாசிச்சு, நாப்பது பேரு கேட்டு, நானூறு பேரு கல்லெடுத்துட்டான்."

போன வருஷம் அந்த முக்கில் மேளம் நிற்கவில்லை. வீம்புக்கு இன்னும் ஓங்கி அடித்தார்கள். மீரான் போட்ட சத்தம் யார் காதிலும் விழவில்லை. அவன் தம்பியின் கால் விரல்கள் சக்கரத்தடியில் போயின. அதைப் பார்த்த பள்ளிவாசல் தெருக் கூட்டம் கல்லெறிந்தது. வடம் பிடித்த ஒருவனுக்கு ஒரு கண் போயிற்று.

"நீரு என்ன சோலியா வே வாரீரு?" என்று சுடலைமுத்து கேட்டார்.

"பத்திரிகை" என்றேன்.

ஊர் வரும்வரை அவர் மாட்டோடு மட்டும்தான் பேசினார்.

ஊர் எல்லையிலேயே காக்கித் தலைப்பாகைகள். வெளியூர்ப் போலீஸ் சத்திரத்தையும் பள்ளிக்கூடத்தையும் பிடித்துக்கொண்டு, தெருவில் துணி காயப்போட்டிருந்தது. கோயில் தர்மகர்த்தா சிவசுப்பு பிள்ளை என்னைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். இலை போட்டு, தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டுக் கொதித்த சொதி ஊற்றினார்கள். கூடவே இஞ்சிப் பச்சடி.

"கல்யாணத்துக்கு மறுநாத்தான் வைப்போம் இது. பேப்பர்ல போடுத ஆளு வந்துருக்கீரு, வைக்காம இருக்க முடியுமா?" என்றார்.

கொழும்பில் சொதி இல்லாத காலைச் சாப்பாடு கிடையாது. இடியாப்பத்தில் ஊற்றிப் பிசைந்துவிட்டு வேலைக்குப் போவோம். இதைச் சொன்னால் அவர் முகம் வாடும் என்று சொல்லாமல் குடித்தேன்.

குடித்துக்கொண்டிருக்கும்போதே பள்ளிவாசல் தெருப் பெரியவர் ஒருவர் கொல்லை வழியாக வந்தார். இருவரும் உள்ளறையில் பேசினார்கள். மரத் தட்டிதான் நடுவே. எனக்கு எல்லாம் கேட்டது.

இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்து ஒரு சமாதானப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள். அந்த முக்கில் மேளம் கூடாது. பள்ளிவாசல் தெருக்காரர் தேரைத் தொடக்கூடாது, அன்று கதவைத் திறக்கவே கூடாது. நடுவில் போலீஸ் வரிசை. மீரானிடம் சமாதான ஜாமீன் எழுதி வாங்கி, ஆறு மாதம் ஊருக்குள் வராதே என்று ஆற்றுக்கு அக்கரையில் வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆனால் மீரான் இல்லாமல் தேர் அங்கே திரும்பாது என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

"சந்து வழியா பைய வந்து கட்டய வச்சுட்டுப் போயிரட்டும். ஏட்டையா அந்தப் பக்கம் திரும்பி நிப்பாரு. பேசிட்டேன்" என்றார் பிள்ளை.

"எங்க தெருவுலயும் சரின்னுட்டாங்க. அவன் உம்மாதான் அழுதா. நான் சொல்லி அமத்திட்டேன்" என்றார் பெரியவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளிய இலையில உக்காந்திருக்கது ஆரு?"

"கொழும்புப் பேப்பர்க்காரரு."

பெரியவர் எழுந்துகொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்ப வேண்டாம் வே" என்றார் பெரியவர். "அவரு நல்லபடியாத்தான் எழுதுவாரு. போன தடவயும் ஒருத்தரு நல்லபடியா எழுதுனதத்தான் மத்த பேப்பர்க்காரங்க எடுத்துத் திரிச்சுப் போட்டாங்க. நம்ம பிள்ளைகளுக்கு இன்னும் கண்ணு இருக்கு, காலு இருக்கு."

நான் கைகழுவிவிட்டு, என் வாழ்நாளில் சேர்த்துவைத்த தைரியம் முழுவதையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். நான் எழுதுகிறவன் இல்லை, எழுத்துக் கோர்க்கிறவன், ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகிற கூலிக்காரன், கட்டை வைப்பதை எழுதவே மாட்டேன் என்று சொன்னேன். நாக்கு குழறிற்று. பிள்ளை சிரித்தார்.

"எல்லாப் பேப்பர்க்காரனும் இப்படித்தான் ஆரம்பிப்பான் வே. உக்காரும், பாயசம் இருக்கு."

மறுநாள் ஆற்றைக் கடந்து மீரானைப் பார்க்கப் போனேன். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. வாழைத்தோட்டத்துக் குடிசையில் அவன் தன் அக்காள் வீட்டாரோடு இருந்தான். என் வயதுதான் இருக்கும். வாசலில் அந்தக் கட்டை, இலுப்பெண்ணெய் பூசி, காய்ந்த வாழைச் சருகின்மேல் கிடந்தது. அவன் அக்காள் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொடுத்தாள். நான் யார் என்பதை மறைக்காமல் சொன்னேன். தட்டிக்குப் பின்னால் கேட்டதையும் சொன்னேன்.

"ஓகோ, எம் பொழப்புல மண்ணள்ளிப் போட வந்த மகராசன் நீருதானா?" என்றான். ஆனால் கஞ்சியைப் பிடுங்கவில்லை. "குடியும், ஆறிரும்."

"நாளைக்குத்தானே தேர்? நான் விடியுமுன்னே ஊரைவிட்டுப் போய்விடுகிறேன். நான் இல்லாவிட்டால் உங்களைக் கூப்பிடுவார்கள்" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"மெய்யாவா?"

"மெய்யாக."

கட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "கூலிக்குப் போறேன்னு எழுதினான் ஒருத்தன். ஒரு மூடி தேங்காயும் வாழப்பழமும் குடுப்பாங்க, அதுவா கூலி? அந்த முக்குல நான் விடுன்னு ஒரு சத்தம் போட்டா அத்தன பேரும் வடத்த விடுவான் வே. எம் பேரு தெரியாதவன்கூட விடுவான். நானும் அவனுவள நம்பி சக்கரத்துக்கு முன்னால குனிவேன். போன வருசம் ஒருத்தனும் விடல. அதே கடைசின்னு ஆயிரப்படாது. இன்னொரு தடவ நான் கூப்பிட்டு அவங்க நிக்கணும். அவ்வளவுதான். பொறவு நான் மவுத்தானாலும் சரி."

சமாதானம் என்று நான் அந்த ஊரில் நிறைய பேர் வாயால் கேட்டேன். மீரான் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை.

திரும்பி வந்து மூட்டையைக் கட்டினேன். இன்ஸ்பெக்டர் ஆளனுப்பிவிட்டார். அவர் கும்பகோணம் பக்கத்துக்காரர். சவரம் செய்துகொண்டே பேசினார்.

"கிளம்பறீங்களாமே எடிட்டர் சார்? நீங்க போயிட்டா நான் பண்ணின பந்தோபஸ்தை யார் எழுதறது? உங்களுக்குன்னு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். அந்த முக்குக்கு நேர் எதிரே. நிழல் உண்டு."

"எனக்கு உடம்பு..."

"மோர் கொண்டுவரச் சொல்றேன்."

காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் பிள்ளை வீட்டு வாசலில் நின்றார்கள், எனக்குத் துணையாம். தர்மகர்த்தா பிள்ளை போகிற வழியில் என்னை ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை.

தேர் மூன்று தெருக்களும் நன்றாகவே வந்தது. மேளம், வேட்டு, தேங்காய் உடைக்கும் சத்தம். மூன்றாம் தெருவில் வரும்போதே இன்ஸ்பெக்டர் ஒரு தாளில் ஏதோ எழுதி, குதிரைக்காரனிடம் கொடுத்து அனுப்பினார். நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

முக்கு வந்தது. மேளம் நின்றது. பள்ளிவாசல் தெருவில் எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஜன்னல் இடுக்குகளில் கண்கள் தெரிந்தன. துப்பாக்கி வரிசை இரண்டு பக்கமும். வெளியூரிலிருந்து வரவழைத்த ஆசாரி ஒருவர் கட்டையோடு குனிந்தார். நல்ல வேலைக்காரர் என்றுதான் சொன்னார்கள். "இழு" என்று சத்தம் கொடுத்தார்.

என் நாற்காலிக்கு முன்னால் வடம் பிடித்திருந்த இருவர் பேசிக்கொண்டது இது.

"யாரு லே கூப்பிடுதது?"

"தெரியல."

"மீரான் சத்தம் இல்லியே?"

"சும்மா இரு லே, போலீசு பாக்கான்."

பாதிப் பேர் இழுத்தார்கள். பாதிப் பேர் வடத்தைப் பிடித்தபடி நின்றார்கள். போன வருஷம் கண் போனவன் அந்த வரிசையில்தான் நின்றிருந்தான். ஆசாரி "விடு" என்றார். விட்டவர்களும் உண்டு, விடாதவர்களும் உண்டு. சக்கரம் கட்டைமேல் ஏறிக் கோணலாக இறங்கியது. தேர் முக்கில் குறுக்காக, அங்கேயே இருந்த மீரான் வீட்டுச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டது. அதற்குமேல் அசையவில்லை. உச்சி வேளையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அத்தனை ஜனமும் பேசாமல் நின்றது. மரியாதைக்கு நின்றார்களா, பயத்தில் நின்றார்களா என்று இந்த முறை யாராலும் தமக்கு வசதியாக நினைத்துக்கொள்ள முடியவில்லை. கல் ஒன்றுகூட விழவில்லை என்பது உண்மை.

இன்ஸ்பெக்டர் எனக்கு மோர் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை தர்மகர்த்தா பிள்ளையும் பள்ளிவாசல் பெரியவரும் சேர்ந்தே இன்ஸ்பெக்டரிடம் வந்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை. என்னையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

"மீரானக் கூப்பிட்டுக்கிடுதோம் ஐயா. நாங்க ரெண்டு தெருவும் சேந்து கேக்கோம். யாரு எழுதுனாலும் எழுதிக்கிடட்டும்" என்றார் பிள்ளை. கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எதுக்கு?"

"தேரத் திருப்பி நிலைக்குக் கொண்டுபோவ." தேர் சுற்றி முடித்து வந்து நிற்கும் இடத்துக்கு நிலை என்று பெயர்.

"தேர் நேத்தே நிலைக்கு வந்தாச்சே."

"அங்கன நிக்குதே ஐயா."

"நேத்தே தந்தி போயாச்சு. தேர் அமைதியா நிலை சேர்ந்ததுன்னு. மேலேயிருந்து மெச்சிப் பதில் தந்தியும் வந்தாச்சு. பட்டணத்துப் பத்திரிகைக்கெல்லாம் கொடுத்தாச்சாம். இப்போ ஜாமீன்ல இருக்கிறவனை உள்ளே விட்டுத் தேரை இழுத்தா, நேத்து நிலைக்கு வந்தது எது?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எடிட்டர் சார் பார்த்தாரே. ஒரு கல் விழுந்துதா சார்?"

"இல்லை" என்றேன்.

"பாத்துக்கோங்க."

அதற்கு அடுத்த நாள் சுவாமியைத் தேரிலிருந்து இறக்கி, பரிகாரம் செய்து, பல்லக்கில் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கினேன். அக்கரையில் மீரான் தண்ணீர்வரைக்கும் வந்து நின்றிருந்தான்.

"முக்குலதான நிக்குது?"

"ஆமாம்."

"சுவரு?"

"ஒரு முழம் தள்ளி."

"பரவால்ல, ஆசாரி கெட்டிக்காரருதான்" என்றான். பிறகு, "நீரு போவலியே" என்றான்.

நாற்காலியைப் பற்றியும் இரண்டு போலீஸ்காரர்களைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"நான் உள்ள வரப்படாது, நீரு வெளிய போவப்படாது. நல்ல பந்தோபஸ்துதான் வே."

கொழும்புக்கு வந்தபோது எங்கள் பத்திரிகை அச்சாகி விற்றுப்போயிருந்தது. சென்னையிலிருந்து வந்த தந்தியை வைத்து, தேர் அமைதியாக நிலை சேர்ந்ததென்று போட்டிருந்தார்கள். எனக்குப் பக்கத்து மேசைக்காரர் கோர்த்தது, பிழையில்லாமல் இருந்தது. நான் எழுதிவந்த தாள்களை முதலாளி புரட்டினார்.

"நடந்து முடிந்த செய்தியை இரண்டு தடவை போடுவதா? வேலையைப் பாரும்" என்றார்.

அந்தப் பொய்யால் ஒரு நன்மையும் விளைந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பத்திரிகையைப் பார்த்துப் பிள்ளைமார் கடையும் முஸ்லிம்கள் கடையும் மறுபடி பேச்சைத் தொடங்கின. ஊரிலிருந்து வருகிறவர்கள் உண்மையைச் சொல்லத் தொடங்கியதும் மறுபடி நிறுத்திக்கொண்டன. இந்தத் தடவை, தேர் நின்றுபோனதற்கு யார் காரணம் என்று ஆளுக்கொரு பத்திரிகையை வாங்கிப் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்த கார்த்திகையில் அந்த ஊர் வெற்றிலை வியாபாரி ஒருவர் எங்கள் அச்சுக்கூடத்தில் விளம்பரம் கொடுக்க வந்தார். வலியப்போய் ஒருவரிடம் நான் பேச்சுக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

"தேர் எங்கே நிற்கிறது அண்ணாச்சி?"

"அங்கனயேதான் நிக்கு. மேல ஓல வேஞ்சிருக்கு. கீழ ஆடு படுத்துக்கிடும். ரெண்டு போலீசு காவல். நம்ம பொம்பளைக சக்கரத்துக்கு முன்னால வெளக்கேத்துதாங்க. அந்தத் தெரு ஆளுக சுத்திக்கிட்டுப் பள்ளிக்குப் போறாங்க."

"மீரான்?"

"ஜாமீன் முடிஞ்சு வந்துட்டான். வீட்டுக்குள்ள போவணும்னா வடத்தத் தாண்டித்தான் போவணும். தெனமும் தாண்டுதான். ஒரு நா நான் கேட்டேன், ஏன் வே, உம்ம கட்டயத் தூக்கிட்டு வந்து ஒரு கை பாக்கப்படாதான்னு. நான் ரெடிதான் அண்ணாச்சிங்கான். யாராவது ஒருத்தர் வந்து, தேரு இன்னும் நிலைக்கு வரலன்னு எங்கிட்ட சொல்லட்டுங்கான்."

"யாரும் சொல்லவில்லையா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எப்படிச் சொல்லுவாங்க வே? பேப்பர்லயே வந்தாச்சுல்லா?"